திருத்தக் குறிப்பு

ஜனவரி 7, ஞாயிறு

காலையில் மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவானாம். பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து கோமதி நாலு குடம் பிடித்து வைத்தாள்.

சர்ச் முடிந்து பியூலா வந்தாள். என் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து வருஷப் பிறப்புக்கு இப்படி ஒரு நடை வந்துவிட்டுப் போவது அவள் வழக்கம். இன்டர்வியூவில் அவளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். நாசரேத்துப் பெண், கணக்கில் நல்ல பிடிப்பு. கோமதிக்கும் அவளைப் பிடிக்கும். கேக்கை மேஜையில் வைத்துவிட்டு, பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தாள்.

விஷயம் என் விதியைப் பற்றியது. மருத்துவமனையில் வெளிநோயாளிகளை எந்த வரிசையில் வரச் சொன்னால் காத்திருப்பு குறையும் என்பதற்கு வாலிப வயதில் நான் சொன்ன பதில். யாரைப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நிச்சயமாகத் தெரியுமோ, அவர்கள் முதலில். தெரியாதவர்கள் பின்னால். டாக்டர் ஒருவராக இருந்தாலும் இரண்டு பேராக இருந்தாலும் இதைவிட நல்ல வரிசை கிடையாது என்று நிரூபித்திருந்தேன். பாடப்புத்தகங்களில் ‘பெருமாள் வரிசை’ என்று அச்சாகியிருக்கிறது. வேலாயுதப்பெருமாள் என்ற முழுப் பெயர் வெளிநாட்டுக்காரர்கள் வாயில் நுழையாது.

நிரூபணத்தின் மூன்றாவது படி தனக்குப் புரியவில்லை என்றாள். இரண்டு டாக்டர்கள் இருக்கும்போது ஒருவரிடம் ஏற்படும் தாமதம் மற்றவரைத் தொடாது என்று அந்தப் படியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இருவருக்கும் வரிசை ஒன்றுதானே என்று கேட்டாள். ஐந்து நோயாளிகளை வைத்து ஒரு உதாரணம் போட்டிருந்தாள். கீழே, இப்படி ஒரு நிபந்தனை சேர்த்தால் சரியாக வருமோ என்று பென்சிலில் ஒரு வரி.

“எனக்குத்தான் எங்கயோ தப்பியிருக்கும் சார். நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

பார்க்கிறேன் என்று வாங்கி வைத்தேன். இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

மோட்டாரில் காயில் போய்விட்டது. புதிதாகக் கட்ட வேண்டும்.

பியூலாவின் தாள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சாவகாசமாகப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்து எங்கள் மேலாண்மைக் கழகம் திறந்தது. அறக்கட்டளைத் தலைவர் சங்கரநயினார் கூப்பிட்டு அனுப்பினார். ஜூனில் இயக்குநர் ஓய்வு பெறுகிறார். வெளியாள் யாரையும் கொண்டுவர அவருக்கு விருப்பமில்லையாம். பொருநை மேலாண்மைக் கழகம் என்றால் வெளியே நாலு பேருக்குத் தெரிவது என் பெயரால்தான் என்று சொல்லிவிட்டு, விண்ணப்பம் போடச் சொன்னார்.

கோமதியிடம் சொன்னேன். “உங்களுக்கு வேணும்னா போடுங்க. எனக்காகப் போடாதீங்க” என்றாள். கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்திய காலத்திலிருந்தே அவள் பேச்சு இப்படித்தான்.

சாயங்காலம் வராந்தாவில் பியூலா எதிரே வந்தாள். தாளைப் பற்றிக் கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜனவரி 21, ஞாயிறு

உண்மையை எழுதிவிடுகிறேன். அவள் வந்துபோன அன்றே பார்த்துவிட்டேன். அவள் கேட்டைத் தாண்டிப் போவதற்குள் புரிந்துவிட்டது. ஐந்து நோயாளிகளில் இரண்டு பேரை இடம் மாற்றினால் காத்திருப்பு குறைகிறது. அப்படிக் குறையவே முடியாது என்று நிரூபித்தவன் நான்.

ஒரு டாக்டர் என்றால் விதி சரி. இரண்டு என்றால் தப்பு. எத்தனையோ பேர் மேற்கோள் காட்டிய விதி. ஒருத்தரும் மூன்றாவது படியில் நின்று பார்க்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 2, வெள்ளி

பியூலாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் சொன்னது பரிசீலிக்க வேண்டிய விஷயம், கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்றேன். நானே இப்படிச் சொல்லும் அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். இரண்டு பேருமாக ஒரு திருத்தக் குறிப்பு எழுதி அதே ஆய்விதழுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். வெளியிலிருந்து வேறு யாராவது கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் சாருக்குத்தான் கௌரவம் என்றாள். என் கௌரவத்தைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

இயக்குநர் தேர்வு முடியட்டும் என்றேன். சரி சார் என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டு நாளாக அந்தப் பென்சில் வரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிபந்தனை சரியானதுதான். ஆனால் அவள் யூகமாகத்தான் எழுதியிருக்கிறாள், நிரூபிக்கவில்லை. நிரூபணம் வேண்டுமென்றால் வேறு வழியில் போக வேண்டும். வருஷக்கணக்காகக் கமிட்டி, அங்கீகாரம், ஆய்வுக்குழு என்று அலைந்ததில், பேனா பிடித்து ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, தட்டை மேஜைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள் கோமதி.

பிப்ரவரி 19, திங்கள்

வந்துவிட்டது. சுத்தமான நிரூபணம், ஒன்றரைப் பக்கம். இது என் வேலை. இதில் யாருடைய கையும் இல்லை.

பிப்ரவரி 26, திங்கள்

ஆய்விதழுக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன்.

கோமதிக்குக் கண்புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோடை விடுமுறைக்குள் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்.

மார்ச் 13, செவ்வாய்

பியூலா மறுபடியும் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பெங்களூர்க்காரர் இரண்டு டாக்டர் கணக்கில் ஏதோ செய்துகொண்டிருக்கிறாராம். தாமதித்தால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று பயப்படுகிறாள். அறைக் கதவு திறந்திருந்தது, வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். சத்தத்தைக் குறைத்துப் பேசச் சொன்னேன். அவள் ஒன்றும் சத்தமாகப் பேசவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அனுப்பிவிட்டதைச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது போன் வந்துவிட்டது.

மார்ச் 14, புதன்

பதவி உயர்வுக் குழு கூடியது. எங்கள் துறையில் இணைப் பேராசிரியர் இடம் ஒன்றுதான். பியூலாவும் இன்னொருவரும் போட்டி. வெளியிலிருந்து வந்த நிபுணர் இரண்டு பேர், நான், தலைவரின் ஆள் ஒருவர். மத்தியானம் சாப்பாடு நன்றாக இருந்தது. அவியல் வைத்திருந்தார்கள்.

துறைத்தலைவர் என்ற முறையில் என்னிடம் கேட்டதற்குப் பதில் சொன்னேன். இடம் இன்னொருவருக்குப் போயிற்று. அவர் சீனியர். அதில் தப்பில்லை.

மார்ச் 16, வெள்ளி

பியூலா அறைக்கு வந்தாள். முடிவு தெரிந்து வந்திருந்தாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. எனக்கு நன்றி சொல்ல வந்தாளாம்.

“நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்கன்னு தெரியும் சார். அடுத்த தடவை பாத்துக்கிடலாம்” என்றாள்.

அடுத்த தடவை நிச்சயம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைவலி. மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, வியாழன்

குறிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆசிரியர் தனியாக நாலு வரி எழுதியிருந்தார். தன் பெயரில் வழங்கும் ஒரு விதியில் உள்ள பிழையைத் தானே கண்டுபிடித்து, தானே திருத்தி அனுப்பிய ஒருவரைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று. இதழின் இணையப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு பாராட்டுக் குறிப்பும் போடப்போகிறார்களாம்.

கடைசியில் நன்றி என்று ஒரு வரி இருக்கிறது. ‘பயனுள்ள உரையாடல்களுக்காகத் துறை நண்பர்களுக்கு.’ முதலில் பெயர் எழுதித்தான் வைத்திருந்தேன். ஒரு பெயரை மட்டும் எழுதினால் என்ன உரையாடல் என்ற கேள்வி வரும். அதனால் பொதுவாக மாற்றினேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

கோமதிக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். இடது கண்ணிலும் பார்வை மங்கல்தான். கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. சமையல் என் தலையில். ரசத்தில் உப்பே போடவில்லை. அப்படியே பிசைந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 24, செவ்வாய்

பேப்பரில் வந்திருக்கிறது. மாவட்டப் பக்கத்தில், என் படத்தோடு. ‘தன் தவறைத் தானே திருத்திய பேராசிரியர்.’ தலைவர் சொல்லித்தான் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து போன் ஓயவில்லை. பழைய மாணவர்கள், கோமதியின் தம்பி, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்றார் தாசில்தார்.

கோமதி படிக்கக் கூடாது என்பதால் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கட்டிலில் கண்ணாடியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ‘பெயரும் புகழும் தந்த கண்டுபிடிப்பை, யாரும் சுட்டிக்காட்டாத நிலையிலும்’ என்று ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். முழுக்க வாசித்து முடித்தேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் கேட்டாள்.

“அன்னைக்கி பியூலா கேக்கு கொண்டாந்துட்டு, ரெண்டு தாள் குடுத்துச்சே. அதுதான இது?”

ஆமாம், அதை ஒட்டித்தான், ஆனால் நிரூபணம் முழுக்க நான் போட்டது என்று சொன்னேன். அவள் யூகம் மட்டும்தான் சொன்னாள் என்றேன். பேசப் பேச என் விளக்கம் நீண்டுகொண்டே போயிற்று.

“அந்தப் பொண்ணு பேரு எங்கயாவது வருதா?”

“இல்ல.”

கறுப்புக் கண்ணாடி இருந்ததால் அவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை. மத்தியானம் தட்டை எடுக்கப் போனேன். நானே வச்சுக்கிடுதேன் என்று சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போய் வைத்துவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 25, புதன்

கழகத்துக்குப் போகவில்லை. கோமதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று லீவு சொன்னேன்.

ஏப்ரல் 30, திங்கள்

போனேன். வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். என் முகம் ஆள் உயரத்துக்கு. கண்ணைத் தாழ்த்திக்கொண்டே படியேறினேன். பார்த்தவர்கள் அதையும் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பியூலா பதினோரு மணி வாக்கில் வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள். குறிப்பை வாசித்துவிட்டாள். நிரூபணம் அழகாக இருக்கிறது என்று முதலில் சொன்னாள். கேலியில்லை, மனசிலிருந்துதான் சொன்னாள். நான் என் பக்கத்தை எடுத்துச் சொன்னேன். தேர்வு நெருங்குகிறது, பெங்களூர்க்காரர் முந்திவிடக் கூடும், கூட்டாகப் போட்டால் திருத்தம் என்பதே வேறு விதமாகப் பேசப்படும், அவளுக்கு இன்னும் வயசு இருக்கிறது. இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன் என்பது பேசும்போதுதான் எனக்கே தெரிந்தது.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உங்க பேர்லயே போட்டுக்கிடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன் சார்.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் சொன்னது பொய் இல்லை. உண்மையிலேயே கொடுத்திருப்பாள். கொடுக்கத் தயாராக இருந்தவளிடமிருந்துதான் எடுத்திருக்கிறேன்.

மே 16, புதன்

இயக்குநர் தேர்வுக்கான இன்டர்வியூ. கேள்வி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. நிர்வாகத்தில் நேர்மையை எப்படிக் கடைப்பிடிப்பீர்கள் என்று ஒருவர் கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, “அவரைப் போய் இந்தக் கேள்வி கேட்கலாமா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

மே 25, வெள்ளி

நான்தான் இயக்குநர். ஜூன் கடைசியில் பாராட்டு விழா, ஜூலை முதல் பொறுப்பு.

கோமதிக்குக் கண் தெளிந்துவிட்டது. ஆர்டரைக் கையில் கொடுத்தேன். நிதானமாக முழுவதும் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, தயிருக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று எழுந்து போனாள்.

மே 27, ஞாயிறு

கோமதி இன்று கேட்டாள், பியூலாவுக்குப் பதவி உயர்வு ஏன் கிடைக்கவில்லை என்று. கமிட்டி முடிவு என்றேன். கமிட்டியில் நீங்க இருந்தீங்கள்லா என்றாள். இருந்தேன் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால் இங்கே எழுதுகிறேன்.

அன்று குழுவில் நிபுணர் ஒருவர் என்னைப் பார்த்து, ஆராய்ச்சியில் பியூலாதான் மேலே நிற்கிறார், சேர்ந்து வேலை செய்வதில் எப்படி என்று கேட்டார். முந்தின நாள் அவள் என் அறையில் நின்று கேட்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது. “நல்ல பொண்ணு. கொஞ்சம் அவசரக்காரி” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு அவியல் சாப்பிட்டோம்.

ஜனவரியில் கொடுத்துவிட்டு மார்ச் வரை காத்திருந்தவள். அவளையா அவசரக்காரி என்றேன்.

ஜூன் 28, வியாழன்

விழா.

முடிவு செய்துகொண்டுதான் போனேன். கோமதியிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது அவள்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். முன்வரிசையில் தாசில்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பியூலா மூன்றாவது வரிசையில், மற்ற ஆசிரியர்களோடு. மாணவர்கள் பின்னால். விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் முகம் தெரியவில்லை.

எல்லாரும் பேசினார்கள். நேர்மை, நேர்மை என்று கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையின் அர்த்தமே போய்விட்டது. தலைவர் பொன்னாடை போர்த்தினார். என் முறை வந்தது.

எழுதி வைத்திருந்ததைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நேரடியாகச் சொன்னேன். பிழையைக் கண்டுபிடித்தது நானில்லை, முனைவர் பியூலா ஜெபராணி. திருத்துவதற்கான வழியைக் காட்டியதும் அவர்தான். என் வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லாமல் என் பெயரில் வெளியிட்டுக்கொண்டேன். இந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. இவ்வளவையும் எந்த வளைவும் இல்லாமல்தான் சொன்னேன்.

மைக்கை விட்டுத் தள்ளி நின்றேன். பிறகு கைதட்டினார்கள்.

முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் மைக்கை வாங்கி, “பாத்துக்கிடுங்க, இதுதான் பெரிய மனசு. தனக்குக் கீழ வேலை பாக்கிற ஒரு பிள்ளைக்கு இப்படி மேடையில வச்சுப் பேரு வாங்கிக் குடுக்க யாருக்கு மனசு வரும்?” என்றார். மறுபடியும் கைதட்டல். பியூலாவை மேடைக்கு வரச் சொன்னார். எனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி என் கையால் அவளுக்குப் போர்த்தச் சொன்னார்.

அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். மேடைப் பக்கம் வரவில்லை. நடுப்பாதையில் திரும்பிக் கதவைப் பார்த்து நடந்தாள். கூச்சப்படுது பிள்ளை என்றார் தலைவர் மைக்கில். சிரித்தார்கள்.

பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வரும் வழியில் காரில் கோமதி சொன்னாள்: “சொன்னீங்க. சரிதான். ஆனா அந்தக் கமிட்டி விஷயத்தை அங்க சொல்லல.”

கமிட்டியில் பேசியதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். கூட இருந்து குடும்பம் நடத்துதவளுக்குத் தெரியாதா என்றாள்.

ஜூன் 29, வெள்ளி

தலைவரைப் போய்ப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. பதவி வேண்டாம் என்றேன். இடுப்பு வலியா, பிரஷரா என்று விசாரித்தார். இல்லை என்று சொல்லிவிட்டு, பதவி உயர்வுக் குழுவில் நான் பேசியதைச் சொன்னேன். அது பொய், என் பிழை வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக அவளைத் தட்டி வைத்தேன், குழுவை மறுபடி கூட்ட வேண்டும் என்று கேட்டேன்.

அவர் முகத்திலிருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன். நேற்று அவ்வளவு சொல்லியும் இறங்காதது இன்று இறங்கிற்று.

“நேத்து மேடையில சொன்னதோட விட்டிருக்கலாம்லா? எல்லாம் அழகா முடிஞ்சிருந்துச்சு” என்றார். கமிட்டி முடிவை மாற்ற வழியில்லை, இடம் நிரம்பிவிட்டது, இதை வெளியே பேசினால் கழகத்தின் பெயர் கெடும். ராஜினாமா எல்லாம் வேண்டாம், உடல்நிலை காரணமாகப் பொறுப்பேற்கவில்லை என்று போட்டுக்கொள்ளலாம், ஓய்வுபெறும் வரை வகுப்பு எடுத்துக்கொண்டு இருங்கள் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர், இன்று எழுந்திருக்கவில்லை.

ஆய்விதழ் ஆசிரியருக்கும் எழுதினேன். நடந்ததை மறைக்கவில்லை.

ஜூலை 4, புதன்

பதில் வந்தது. பியூலாவின் சம்மதம் பெற்றுக் குறிப்பில் அவள் பெயரை முதலாவதாகச் சேர்க்கிறார்கள். பாராட்டுக் குறிப்பை எடுத்துவிட்டார்கள். முன்பு எழுதியபோது என் பெயருக்கு முன்னால் ‘அன்புக்குரிய’ என்று போட்டிருந்தார் ஆசிரியர். இப்போது அது இல்லை.

ஜூலை 11, புதன்

பியூலா வேலையை விட்டுவிட்டாள். எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் கிடைத்திருக்கிறது. துறையில் பாக்கி ஏதும் இல்லை என்று என் கையெழுத்து வாங்க வந்தாள். அதற்காக மட்டும்தான் வந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, கமிட்டியில் நான் சொன்ன வார்த்தையை அவளிடம் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“இப்ப இத எதுக்கு சார் எங்கிட்ட சொல்லுதீங்க? உங்களுக்கு லேசாயிரும். நான்லா இதைத் தூக்கிக்கிட்டு எர்ணாகுளம் போணும்?”

அப்படித்தான். அவளுக்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோமதி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். போய்விட்டாள்.

ஜூலை 12, வியாழன்

கோமதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். போகும்போது புளியோதரை கட்டிக்கொண்டு போனாள்.

ஜூலை 23, திங்கள்

துறைத்தலைவர் பொறுப்பை இளையவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். என் பொருட்களை மாடியில் ஒரு சின்ன அறைக்கு மாற்றினேன். மின்விசிறி சத்தம் போடுகிறது.

பியூலா எடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு வகுப்பை எனக்குப் போட்டிருக்கிறார்கள். முதலாண்டில் அவளிடம் படித்த பிள்ளைகள்தான். இன்று முதல் வகுப்பு. எதை நடத்தலாம் என்று யோசித்து, அந்த விதியையே எடுத்தேன். முதலில் பழைய நிரூபணத்தைப் போட்டுக் காட்டி, எங்கே தப்பு என்று சொல்லி, திருத்தியதைப் போட வேண்டும் என்று திட்டம். கரும்பலகையில் மேலே பியூலாவின் பெயரை முழுதாக எழுதினேன். பிறகு திரும்பி, இந்த விதியில் ஒரு பிழை இருந்தது, அதைக் கண்டுபிடித்தது உங்கள் மேடம் என்று ஆரம்பித்தேன்.

முன்பெஞ்சில் ஒரு பெண், வேணி, எழுந்தாள்.

“தெரியும் சார்.”

விழாவில் கேட்டிருப்பீர்கள் என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். ஜனவரியிலேயே மேடம் இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த ஐந்து நோயாளிகளையும், பென்சில் வரியாக எனக்குக் கொடுத்த நிபந்தனையையும். சாரிடம் கொடுத்திருக்கிறேன், சார் சரிசெய்து அவரே வெளியிடுவார், அதுவரை இதை வெளியே யாரிடமும் பேசக் கூடாது, பெரியவர் மனசு கஷ்டப்படும் என்று சொல்லியிருக்கிறாள்.

“நாங்க யார்கிட்டயும் சொல்லல சார்” என்றாள் வேணி. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோம் என்று கணக்கு ஒப்பிக்கிற குரல்.

அப்படியானால் பேப்பரில் வந்தபோது தெரியும். வாசலில் பேனர் கட்டியபோது தெரியும். வராந்தாவில் இந்தப் பிள்ளைகள் தினமும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நான் தலையை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன்.

உட்காரம்மா என்றேன். பலகைப் பக்கம் திரும்பி முதல் படியை எழுதினேன். இரண்டாவதை எழுதினேன். சாக்பீஸ் உடைந்தது. வேறொன்று எடுத்து மூன்றாவது படியை, என் பழைய தப்பான படியை, முழுக்க எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்தேன். எல்லாரும் நோட்டில் குனிந்திருந்தார்கள். எழுதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் குனிந்திருந்தார்கள்.